வில்லை தொங்கும் வரை

தூத்துக்குடி,
10 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ரஞ்சனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெஹாலாவில் மழைத் தண்ணீர் தேங்க ஆரம்பித்தால் வெளியே அலையாதே. தனிக்கட்டை நீ வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை.

போனை விட்டுவிட்டு இவள் ஏன் காகிதத்தைத் தூக்கினாள் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் மாப்பிள்ளைக்குக் காது நீண்டுவிடுகிறது. வாட்ஸ்அப்பையும் விட்டுவைப்பதில்லை. தபால்காரர் வருகிற நேரம் அவர் தூங்கும் நேரம், அதனால் கடிதம்தான் எனக்குப் பத்திரம்.

விஷயம் அவரைப் பற்றித்தான். துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர் பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டு இருக்கலாம். அது எங்கே! இணையத்தில் ஒரு விற்பனை விளம்பரம் பார்த்திருக்கிறார். பழைய எஃகுப் பாய்மரக் கப்பல், மூன்று பாய்மரம், உங்கள் ஹூக்ளி ஆற்றில்தான் நிற்கிறதாம். முழுக்கப் பழுது பார்க்க வேண்டுமாம். அந்தப் படத்தை விட்டுக் கண் எடுப்பதில்லை, கல்யாணத்துக்கு முன் என் போட்டோவைக்கூட இவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். இந்த வீட்டை விற்று அதை வாங்கி, சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓட்டப் போகிறாராம். ஸ்னேகா சென்னையிலிருந்து பேசிப் பார்த்தாள். மகள் பேச்சும் எடுபடவில்லை.

கப்பல் உடம்பைத் தட்டிப் பார்த்தே நீ வேலையில் காலம் தள்ளியவன். நீ சொன்னால் கேட்பார். ஒருநாள் போய்ப் பார். நன்றாகவே இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. எனக்கு இருப்பது அவரும் இந்த வீடும்தான். இரண்டையும் அந்தக் கப்பலில் ஏற்ற எனக்கு மனசில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அன்புத் தங்கை,
ரஞ்சனா


பெஹாலா, கொல்கத்தா,
22 ஜூன் 2024

அன்புள்ள ரஞ்சனாவுக்கு,

அண்ணன் குருபிரசாத் எழுதுவது. நான் சுகம். முழங்கால் தன் பாட்டுக்கு முனகுகிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். உன் ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா?

உன் சக்களத்தியைப் பார்த்துவிட்டு வந்தேன். கிதிர்பூர் தாண்டி, யாரும் பயன்படுத்தாத ஒரு படித்துறையில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அழகிதான், பொய் சொல்லமாட்டேன். மாப்பிள்ளை மயங்கியதில் தப்பில்லை. ஆனால் வயசான அழகி. சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு மணி போலச் சத்தம் கொடுக்கும். இவளிடம் பாதி இடத்தில் தகரடப்பா சத்தம். பாய்மரங்களின் அடியில் துரு. பின்பக்கத்தில் பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டிச் சாம்பல் வண்ணம் அடித்திருக்கிறார்கள். பழைய பெயர் என்ன என்று காவல்காரர் மண்டல்-தாவைக் (இங்கே 'தா' என்றால் அண்ணன்) கேட்டேன். தெரியாது என்றார். தேநீர் வாங்கிக் கொடுத்தார், ஆனால் மேல்தளத்துக்குக் கீழே என்னோடு இறங்கி வரவில்லை.

கவலைப்படாதே. 'வேண்டாம்' என்றுதான் எழுதப் போகிறேன், மனசாட்சிக்கு விரோதமில்லாமலேயே எழுதலாம். பின்பக்க டாங்க் ஒன்று மட்டும் பார்க்க பாக்கி. மூடியை போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டால் என் வேலை முடிந்தது. பார்க்காமல் எழுதினால் மாப்பிள்ளை அந்த ஓட்டையில் புகுந்து வந்துவிடுவார்.

ஸ்னேகாவுக்கு மாமாவின் ஆசிகள்.

அன்பு அண்ணன்,
குருபிரசாத்


தூத்துக்குடி,
1 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, வயிற்றில் பால் வார்த்தாய். எனக்குத் தலைசுற்றல் இல்லை, மாத்திரை தவறாமல் போடுகிறேன். இங்கே காற்றுக் காலம், வீடெங்கும் மணல்.

அந்த ஒரு டாங்க்கை சீக்கிரம் பார்த்து முடி. இவர் வீட்டுத் தரகரைக் கூட்டி வந்து மாடியை அளந்துவிட்டுப் போனார். நான் காப்பி கொடுக்கவில்லை. தரகர் போன பிறகு, "ஒரு மனுசனுக்கு காப்பி கொடுத்தா கொறஞ்சா போயிடுவே?" என்றார். "குடியிருக்க வீடு இருந்தாத்தான் காப்பி" என்றேன். அன்றிலிருந்து அவரே காப்பி போட்டுக் குடிக்கிறார்.

உன் பதில் வந்தால் அவரும் அடங்குவார். எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அன்புத் தங்கை,
ரஞ்சனா


பெஹாலா,
17 ஜூலை 2024

அன்புள்ள ரஞ்சனா,

நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.

டாங்க்கை இன்னும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்பாய், அதனால் எங்கள் வேலை முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். மூடிய எஃகு அறையில் துரு காற்றைத் தின்றுவிடும். தெரியாமல் உள்ளே இறங்கினவன் அப்படியே விழுவான். அவனைத் தூக்கப் போனவனும் விழுவான். அதனால் இறங்குகிறவன் தன் பித்தளை வில்லையைத் துவாரத்துப் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். வெளியே வந்ததும் தன் கையாலேயே அதை எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. வில்லை தொங்கும் வரை துவாரத்தருகே ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவ்வப்போது சுத்தியலால் தகட்டில் தட்டுவான், உள்ளே இருப்பவன் பதிலுக்குத் தட்டுவான். இன்னொருவன் வந்து உட்காராமல் அவன் எழுந்து போகக் கூடாது. பசி, மழை, மூத்திரம், எதற்கும் கிடையாது. என் காலத்தில் இந்த விதியை மீறியவனோடு யாரும் சேர்ந்து சாப்பிடக்கூட மாட்டார்கள்.

இந்தக் கப்பலில் மூடி இறுக்கியிருக்கிறது, ஆனால் பக்கத்துக் கொக்கியில் ஒரு வில்லை தொங்குகிறது. பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. யாரோ உட்கார்ந்திருந்தவன் எழுந்து போயிருக்கிறான். பிறகு வந்தவர்கள் வில்லையைப் பார்க்காமல் மூடியிருக்கிறார்கள்.

பழக்க தோஷம், நான் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினேன். வில்லையைக் கண்டால் கை தானாகப் போகும். நல்ல வெயில் நேரம். மேலே மண்டல்-தா யாருடனோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்.

உள்ளிருந்து மூன்று தட்டு வந்தது.

ஆற்றுத் தண்ணீர் ஏறும்போது பழைய தகடு இப்படிச் சத்தம் போடும் என்று எனக்கும் தெரியும். நாளைக்கும் போய்ப் பார்க்கிறேன்.

குரு


தூத்துக்குடி,
26 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? உண்மையைச் சொல். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அன்றைக்குச் சோறு வடிக்கவே கை வரவில்லை.

சத்தம் ஆற்றுத் தண்ணீர்தான். நீயே சொல்லிவிட்டாய், பிறகு ஏன் நாளைக்கும் போகிறாய்? அந்த வில்லையைப் பிடுங்கி ஹூக்ளியில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போ. டாங்க்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். 'கப்பல் உளுத்துவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இங்கே காத்துக்கொண்டிருக்கிறேன்.

முடிந்தால் லேக் கார்டன்ஸில் இருக்கிற வைத்தியநாதன் சார் வீட்டில் போய் நாலு நாள் இரு. அவர்கள் வீட்டு ரசம் உனக்குப் பிடிக்கும்.

கவலையுடன்,
ரஞ்சனா


தூத்துக்குடி,
23 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒளிவு மறைவெல்லாம் விட்டுவிட்டு போனும் அடித்தேன். அணைந்தே கிடக்கிறது. வைத்தியநாதன் சார் பெஹாலா வீட்டுக்குப் போய்ப் பார்த்தாராம். பூட்டியிருக்கிறது, கதவுக்கடியில் பேப்பர்கள் குவிந்திருக்கின்றன என்றார்.

இன்னொன்று கேட்க வேண்டும். நீ உன் மாப்பிள்ளைக்குத் தனியாகக் கடிதம் எழுதினாயா? உன் கையெழுத்து உறை ஒன்று அவர் சட்டைப்பையில் பார்த்தேன். கேட்டதற்கு, "மச்சானே நல்ல கப்பலுன்னு சொல்லிட்டாக, இனி ஒனக்கு என்ன?" என்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் நம்பவில்லை. நீ எனக்குக் கொடுத்த வாக்கை மீறமாட்டாய். ஆனால் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ரஞ்சனா


கப்பலில்,
9 செப்டம்பர் 2024

ரஞ்சனா,

நலம். மண்டல்-தா மேலிருந்து சாப்பாட்டைக் கயிற்றில் இறக்குகிறார். கடிதத்தையும் அவரே தபாலில் சேர்க்கிறார், உன் கடிதங்களையும் என் வீட்டிலிருந்து எடுத்து வந்தார். போன் வைத்துக்கொள்வதில்லை. போனில் பேசினால் தட்டுவது கேட்காது.

மூடியைத் திறந்தாகிவிட்டது. காற்று ஓடவிட்டு, விளக்கை இறக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. நீ பயப்படுகிற மாதிரி எலும்பும் இல்லை. துருச் செதில் மட்டும் கிடக்கிறது. திறந்தே வைத்திருக்கிறேன், ஏணியும் போட்டிருக்கிறது. வெளியே வருவதற்கு ஒரு தடையும் கிடையாது.

ஆனாலும் தட்டினால் பதில் வருகிறது. இப்போதெல்லாம் நான் தட்டாதபோதும் வருகிறது. நான் நாலு படி ஏறினால் வேகமாக வருகிறது. அதைக் கேட்டுவிட்டு மேலே போகிறவன் மனுஷனாக இருக்க முடியாது.

நீ கேட்டதற்குப் பதில்: மாப்பிள்ளை ஒருமுறை வந்து பார்க்கட்டும். பார்ப்பதில் என்ன இருக்கிறது. இரும்பும் கடலும் அறிந்தவர்.

சீக்கிரம் வரச் சொல்.

குரு


கொல்கத்தா,
4 அக்டோபர் 2024

பிரியமுள்ள ரஞ்சனாவுக்கு,

விஸ்வநாதன் எழுதுவது. சௌகரியமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் நீ கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம் கடைசி வரை கெடவில்லை. கோபித்துக்கொண்டே கட்டினாலும் உன் கைப்பக்குவம் மாறாது.

மச்சானைக் கப்பலில்தான் பார்த்தேன். நீ பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் இளைத்திருக்கிறார், தாடி வளர்ந்திருக்கிறது. கீழ்த்தளத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "வந்துட்டீயளா மாப்ளே" என்று கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பிரியம் என்மேல் இருந்தது எனக்குத் தெரியாது.

கப்பலை என்ன சொல்ல! எத்தனை வேலை இருக்கிறது தெரியுமா? தகடு பாதியை மாற்றணும், பாய்மரம் இறக்கணும், தளம் முழுக்கப் பிரித்துப் போடணும். ஆனால் நிற்கிற நிலை இருக்கிறதே!

மச்சான் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர ஆசைப்பட்டார். "அதுவரைக்கும் இங்கன உக்காருங்க. ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க, அப்புறம் போரடிக்காது" என்று சுத்தியலைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தட்டினேன். அவர் சொன்னது சரிதான்.

அவர் வந்ததும் மிச்சத்தை எழுதுகிறேன். இதோ, மறுபடி தட்டுகிறது.

விஸ்வநாதன்


பெஹாலா,
12 அக்டோபர் 2024

அன்புத் தங்கை ரஞ்சனாவுக்கு,

அண்ணனின் விஜயதசமி ஆசிகள். நீயும் ஸ்னேகாவும் நலம் என்று நம்புகிறேன். நான் பரிபூரண சுகம். நன்றாகத் தூங்கினேன், முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. தெருமுனைத் துர்கா பூஜைப் பந்தலில் தாக் மேளம் காது கிழிகிறது, அதுவும் இனிமையாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு தாஸ் அண்ணி கிச்சுரி, நம் பொங்கல் மாதிரி, கொண்டுவந்து கொடுத்தாள், இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். அவருக்கு அந்த இடம் பிடித்துப் போய்விட்டது. போன் எடுக்கவில்லை என்று பதறாதே, அங்கே சிக்னல் கிடைக்காது. சாப்பாட்டுக்கு மண்டல்-தாவிடம் சொல்லியிருக்கிறேன்.

தீபாவளிக்கு நான் தூத்துக்குடி வருகிறேன். உன் கையால் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது!

அன்பு அண்ணன்,
குருபிரசாத்


கப்பலில்,
13 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். என் வீட்டில், என் கட்டிலில் படுத்திருக்கிறாய். தீபாவளிக்கு வந்து இடியாப்பம் சாப்பிட்ட நேரமெல்லாம் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவர் எங்கே?" என்று கேட்டால், "வருவார்" என்று தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டாய். உன் இடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாய் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உன்னை வீட்டில் வைத்துப் பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு ரயில் ஏறியது அதனால்தான்.

அவரைப் பார்த்தபோது நான் அழவில்லை. அழுதால் எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. உதடு வெடித்திருந்தது. "நான் இருக்கேன், நீங்க போய் சாப்பிட்டு வாங்க" என்றேன். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். சுத்தியலை என் மடியில் வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். பாதியில் நின்று கீழே பார்த்தார், ஆனால் இறங்கவில்லை.

அவர் ஹௌரா ரயில் நிலையத்துக்குப் போய்விட்டதாக மண்டல்-தா மறுநாள் சொன்னார். இப்போது உன்னோடு அங்கே இருப்பார். வீட்டை விற்கும் பேச்சு இனி இருக்காது. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

இது ஆற்றுத் தண்ணீர்தான் என்று நிரூபித்துவிட்டு ரயில் ஏறலாம் என்றுதான் நானும் தட்டினேன். வந்த பதிலைக் கேட்ட பிறகு நிரூபிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவருக்குப் பால் கொடு, காரம் கூடாது. நீங்கள் இருவரும் பேசி, யார் வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

ரஞ்சனா


கப்பலில்,
21 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அவரும் நலமா? பொங்கல் வைத்தீர்களா? தை மாசக் குளிர் இந்த எஃகில் இறங்கி எலும்பு வரை வருகிறது. மண்டல்-தா தன் மனைவியின் சால்வையைக் கயிற்றில் இறக்கினார். தங்கமான மனுஷன், ஆனால் ஒருநாளும் ஏணியில் கால் வைக்கவில்லை.

எத்தனை கடிதம் எழுதினேன். உங்கள் இருவரிடமிருந்தும் ஒரு வரி இல்லை. நிறையத் திட்டினேன், வாய்விட்டு. அந்த வில்லையைப் பிடுங்கக் கையும் வைத்துப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மெதுவாகத் தட்டியது. வீட்டில் அவர் மாடியிலிருந்து "ரஞ்சனா, இருக்கியா?" என்று கேட்பாரே, வேறு ஒன்றும் வேண்டியிருக்காது, சும்மா கேட்பார், அப்படித்தான். இருக்கிறேன் என்று தட்டினேன். கையை எடுத்துவிட்டேன்.

இன்றைக்கு இந்தக் கடிதத்தை உங்களை வரச் சொல்லி எழுதவில்லை. நீயும் வர வேண்டாம், அவரும் வர வேண்டாம்.

ஸ்னேகாவின் கடிதம் நேற்று வந்தது. நீங்கள் இருவரும் ஒன்றும் சொல்லாமல் அவளிடம் மழுப்பியிருக்கிறீர்கள். 'அம்மாவை நானே போய்க் கூட்டி வருகிறேன்' என்று லீவு போட்டு டிக்கெட் எடுத்திருக்கிறாள். அவளை நிறுத்து. வீட்டில் பூட்டி வை, காலில் விழு, என்ன பொய் வேண்டுமானாலும் சொல். நான் செத்துவிட்டேன் என்றுகூடச் சொல்.

உன்னை மன்னிக்க மாட்டேன் என்று இருந்தேன், அண்ணா. என் புருஷனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுக் கிச்சுரி தின்றாய் என்று மனசு ஆறவே இல்லை. ஆனால் அவள் கடிதத்தைப் படித்ததும் எனக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். செருப்பு எங்கே என்று தேடினேன்.

அவள் என்னைப் போலத்தான். வந்து நின்றதும், "அம்மா, நீ கொஞ்சம் படு, நான் உக்காந்துக்கிறேன்" என்பாள். நான் எழுந்துவிடுவேன், அண்ணா. அதனால் அவளை விடாதே.

ரஞ்சனா